மகள் வந்தால் மட்டும் அணையும் திரை

திண்டுக்கல்,
புரட்டாசி, வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை மதியழகன் அவர்களுக்கு மாமனார் சடையாண்டி எழுதிக்கொள்வது.

தாங்களும் என் மகள் தமிழ்நிலாவும் மெல்போர்னில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று போன சனிக்கிழமை தாடிக்கொம்பு போய்ப் பெருமாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். இவ்விடம் நானும் நலம் என்பதுதான் அடுத்த வரியாக வர வேண்டும். அப்படி எழுதினால் தாங்கள் நம்பப்போவதில்லை என்பது நேற்று மத்தியானம் எனக்குத் தெரிந்துபோயிற்று. எப்படித் தெரிந்தது என்பதை முறையாகப் பின்னால் சொல்கிறேன். இருந்தாலும் வழக்கத்தை விடக்கூடாது. நான் நலம்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். தங்கள் போனுக்கு வருவதையெல்லாம் முதலில் எடுத்துப் பார்ப்பது தமிழ்நிலா. இதுவோ அவளுக்குத் தெரியாமல் நமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். ஆகையால் தாங்கள் போன தடவை கொடுத்த கார்டில் இருக்கும் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் லேப்டாப்பைப் பற்றியது. சோலையம்மாள் பங்குனியில் போய்ச் சேர்ந்ததிலிருந்து, “வீட்டப் பூட்டிட்டு இங்கயே வந்துருங்கப்பா” என்று தமிழ்நிலா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நானும், “ஞாயித்துக்கெழமையானா ஒன் மொகத்த நான் பாத்துக்கிறேன், என் மொகத்த நீ பாத்துக்கிற, பெறகு என்னத்துக்கும்மா பிளேன் ஏறணும்?” என்று சமாளித்து வந்தேன். என் பக்கத்து நியாயம் முழுவதும் அந்தத் திரையை நம்பித்தான் நின்றது. அந்தத் திரையே சித்திரை மாதத்திலிருந்து என் காலை வாரிவிட்டது. கடைசியில், “தீபாவளிக்குள்ள படம் சரியாகலேன்னா நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன், ஒரு பேச்சும் கேக்க மாட்டேன்” என்று உத்தரவு போட்டுவிட்டாள். அந்தக் குரலைத் தாங்களும் அங்கே கேட்டுத்தான் இருப்பீர்கள். அது அவள் அம்மாவின் குரல். அதை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

எனக்கு வர இஷ்டமில்லை, மாப்பிள்ளை. காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. சோலையம்மாளின் போனை நான் இன்னும் நிறுத்தவில்லை. சார்ஜ் ஏற்றி, ரீசார்ஜ் செய்து, உயிரோடு வைத்திருக்கிறேன். அதற்கு யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். “சோலையம்மாள் மேடமா? உங்களுக்கு லோன் ரெடியா இருக்கு மேடம்” என்று ஒரு பெண் பேசும். “வெளிய போயிருக்காம்மா, வந்ததும் சொல்றேன்” என்பேன். “எப்ப சார் வருவாங்க?” என்று அந்தப் பெண் விடாமல் கேட்கும். அதைக் கேட்டதும் போனை வைத்துவிடுவேன். அவளைக் கேட்டு யாராவது கூப்பிட்டால் எடுத்துப் பேச இந்த ஊரில் ஒரு ஆள் வேண்டாமா? அவ்வளவுதான் காரணம். தாங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

அந்தப் போனைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். சிவப்பு உறை போட்டது, புத்தகம் மாதிரித் திறந்து மூடுவது. பஸ் ஸ்டாண்டு நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கினாள். மூடும்போது ‘டப்’ என்று தானே ஒட்டிக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினாள் என்று நினைக்கிறேன். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பாள். உறைக்குள் பழனி விபூதிப் பொட்டலமும் ஒரு பழைய பஸ் டிக்கெட்டும் இன்னும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தாங்கள் அங்கிருந்து கூப்பிடும்போது அவள் என் வலது பக்கம்தான் உட்காருவாள். இப்போது அந்த இடம் சும்மா கிடக்கிறது. பதினாறாம் நாளுக்குச் செய்த போட்டோவை வைக்கலாம் என்றால், அது ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. அதில் அவள் யாரையோ திட்டப்போவது போல இருக்கிறாள். ஆகையால் தமிழ்நிலா திரையில் வந்து “அப்பா” என்றதும், அலமாரியிலிருந்து அந்தப் போனை எடுத்து லேப்டாப்பின் மேலேயே, வலது கை வைக்கிற ஓரத்தில் வைப்பேன். மகள் பேசுவதை அவளும் கேட்கட்டும் என்றுதான். இந்த இடத்தைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கோளாறுக்கு வருகிறேன். லேப்டாப்பைத் திறந்தால் எல்லாம் தெரியும். செய்தி தெரியும், சீரியல் தெரியும், ஆத்தூர் அணையில் தண்ணீர் நிறைந்த வீடியோ கண்ணாடி போலத் தெரியும். தமிழ்நிலா கூப்பிட்டு “அப்பா” என்று ஒரு வார்த்தை சொன்னதும் திரை பொட்டென்று அணைந்துவிடும். குரல் மட்டும் வரும். பேசி முடித்துச் சோலையம்மாளின் போனை அலமாரியில் வைத்துவிட்டு வந்து பார்த்தால், ஒன்றுமே நடக்காதது போலத் திரை வெளிச்சமாக இருக்கும். என் மகளை மட்டும் ஆகாத ஒரு யந்திரத்தை என் மின்வாரிய சர்வீஸில்கூட நான் பார்த்ததில்லை.

தாங்கள் போனில், “மாமா, இது டிஸ்ப்ளே டிரைவர் பிரச்சனை” என்றீர்கள். திரையில் எதை எப்படிக் காட்ட வேண்டும் என்று யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கிற புரோகிராம் அது என்று பொறுமையாக விளக்கினீர்கள். தாங்கள் சொன்ன இடத்துக்கெல்லாம் நான் போனேன். புதுப்பிக்கச் சொல்லி அழுத்தினால், இருப்பதிலேயே நல்ல டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது என்று அது எனக்கே பதில் சொல்லியது. பழைய டிரைவருக்குத் திரும்பலாம் என்றீர்கள். அந்தப் பட்டன் வெளுத்துப்போய் அழுத்த முடியாமல் கிடந்தது. டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றீர்கள். எடுத்ததும் எழுத்தெல்லாம் கட்சிக்காரர்கள் சுவரில் எழுதுகிற அளவுக்குப் பெருத்துவிட்டது, மறுபடி போடுகிற பட்டன் திரைக்கு வெளியே எங்கேயோ போய்விட்டது. நான்கு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தச் சொன்னீர்களே, அதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது, போனைத் தோளில் இடுக்கியதில் கழுத்து பிடித்துக்கொண்டது. திரை ஒருமுறை கண் சிமிட்டி ‘டிங்’ என்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அணைந்தது. கழுத்து சரியாவதற்குத்தான் வெகு நாள் ஆயிற்று.

பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிற அயாஸ் என்பவரிடம் கொண்டுபோனேன். தங்கமான பிள்ளை. டிரைவரை அடியோடு துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அவர் போனிலிருந்து வீடியோ கால் போட்டுக் காட்டினார். அவர் மூக்கின் மேல் இருக்கும் மச்சம்வரை தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்நிலா வந்தாள், அணைந்தது. திங்கட்கிழமை திரும்பக் கொண்டுபோனேன், கடையில் தெரிந்தது. இப்படியே லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்ததில், இந்த வயதில் சடையாண்டி ஐ.டி. வேலைக்குப் போகிறார் என்று தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. கடைசியில் அயாஸ் கையைப் பிசைந்துகொண்டு, “ஐயா, தப்பா நெனைக்காதீங்க, இங்க ஓடுது, வீட்ல ஓடலேன்னா ஒங்க வீட்டுக் கரண்ட்ல ஏதோ கோளாறு” என்றார்.

மாப்பிள்ளை, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயரானவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? ரெட்டியார்சத்திரம் பக்கம் எந்தத் தோட்டத்து மோட்டார் நின்றாலும், வயரைத் தொடாமலே கோளாறு எந்தக் கம்பத்தில் என்று சொன்னவன் நான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே எர்த் குழியைத் தோண்டிக் கரியும் உப்பும் புதிதாகப் போட்டேன். பிளக் பாயிண்டை மாற்றினேன். ஸ்டெபிலைசர் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பிரிட்ஜை நிறுத்தினேன், அதிலிருந்த பால் கெட்டுப்போனது. அப்படியும் அணைந்தது. பிறகு பக்கத்து வீட்டுக் கிளெமென்ட் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் தண்ணீர் மோட்டார் போடுவதால்தான் நம் வீட்டில் வோல்டேஜ் விழுகிறது என்று முடிவுகட்டி, நேரே போய்ச் சத்தம் போட்டுவிட்டேன். அவர் சாந்தமாகக் கேட்டுவிட்டு, “அண்ணே, ஞாயித்துக்கெழம அந்நேரத்துக்கு நாங்க குடும்பத்தோட சர்ச்சுக்குப் போயிருக்கோம். மோட்டார யாருண்ணே போடுறது?” என்றார். அப்புறம் நான் தலைகுனிந்து திரும்பும்போது பின்னாலேயே வந்து, “வீட்ல கொழம்பு வச்சிருக்கு, கொஞ்சம் குடுத்துவிடட்டுமாண்ணே?” என்றார். நான் சாப்பிட்டாயிற்று என்று பொய் சொன்னேன்.

நேற்று அயாஸ் கடையை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்தார். இதில் அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவர் வருவது தெரிந்ததும் நான் சோலையம்மாளின் போனை அலமாரியில் புடவைக்குள் வைத்துவிட்டேன். செத்துப்போனவள் போனை வைத்துக்கொண்டு திரிகிறான் கிழவன் என்று அந்நியர் ஒருவர் நினைப்பதில் எனக்கு விருப்பமில்லை. அவர் வாசலில் நின்று வீடியோ கால் போட்டார், தெரிந்தது. தெருமுனைக்குப் போய்ப் போட்டார், தெரிந்தது. “ஐயா, நான் கடைக்குப் போயி ஒரு கால் போடுறேன். நீங்க ஞாயித்துக்கெழம எப்புடி ஒக்காருவீங்களோ, என்னென்ன செய்வீங்களோ, ஒண்ணு விடாம அப்புடியே செய்ங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் அப்படியே செய்தேன். கால் வந்தது, அயாஸின் முகம் தெரிந்தது. அலமாரியைத் திறந்து சோலையம்மாளின் போனை எடுத்துவந்து அவள் இடத்தில் வைத்தேன். திரை அணைந்தது.

“அணஞ்சிருச்சு தம்பி!” என்று கத்தினேன். கோளாறு பிடிபடப்போகிறது என்று ஒருவிதச் சந்தோஷம்.

“ஐயா, வலது பக்கம் செவப்பா ஏதோ வச்சீங்களே, அதக் கொஞ்சம் எடுங்க” என்றது குரல்.

எடுத்தேன். அயாஸ் தெரிந்தார்.

“இப்ப வைங்க.”

வைத்தேன். அயாஸ் மறைந்தார்.

“அந்தக் கவர்ல காந்தம் இருக்குங்கய்யா. லேப்டாப் மூடியிருக்கா தொறந்திருக்கான்னு பாக்க அந்த ஓரத்துல ஒரு சென்சார் இருக்கும். காந்தம் பக்கத்துல வந்தா, மூடிட்டாங்கன்னு நெனச்சுத் திரைய அணச்சிரும். டிரைவர் மேல ஒரு தப்பும் இல்ல. நாம அதப் போட்டு இம்புட்டுப் பாடு படுத்திட்டோம்.”

மூடினால் லேப்டாப் தூங்கிவிடுமே, பேச்சு எப்படித் தொடர்ந்து கேட்டது என்றேன். மூடினாலும் வேலை நிற்காதபடி யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள் என்றார். அது தாங்கள்தான். பேச்சு முடிந்தது என்று சோலையம்மாள் பாதியிலேயே டபக்கென்று மூடிவிடுகிறாள் என்பதற்காக, அவள் இருந்தபோது தாங்கள் செய்துகொடுத்த ஏற்பாடு.

கோளாறு பார்க்கப் போகும் பையன்களுக்கு நான் ஒரு பாடம் சொல்வதுண்டு. ‘லைன்ல புதுசா என்ன சேந்திருக்குன்னு மொதல்ல பாருங்கடா’ என்பேன். இந்த வீட்டில் புதிதாக எதுவும் சேர்ந்ததாக எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு ஆள் குறைந்ததுதான் தெரிந்தது. அவள் இடத்தில் நானே கொண்டுபோய் வைத்ததைச் சேர்ந்த கணக்கில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. திரை இருட்டான பிறகும் நான் போனை எடுப்பதும் வைப்பதும் அயாஸுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்புறம்தான் உறைத்தது. கேட்டேன். “ஒங்களுக்குத்தானுங்கய்யா படம் தெரியாது. கேமரா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இந்தா இப்பக்கூட நீங்க எனக்கு நல்லாத் தெரியிறீங்களே” என்றார்.

அப்படியானால் சித்திரையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தமிழ்நிலா என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்கு அவள் தெரியாததால் அவளுக்கும் நான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் என்னென்ன செய்திருக்கிறேன்! தாங்கள் அனுப்பிய புதுச் சட்டையைப் போட்டிருக்கிறேன் என்று சொன்ன அன்று தோளில் கிழிந்த பனியனோடு உட்கார்ந்திருந்தேன். “கத்தரிக்கா புளிக்கொழம்பும்மா, அப்பளம் பொரிச்சேன்” என்று சொன்ன அன்று டீயில் வர்க்கியை நனைத்துக்கொண்டிருந்தேன். “அப்பாவுக்கு என்னம்மா கொற, ராசா மாதிரி இருக்கேன்” என்று குரலைச் சிரிக்க வைத்துக்கொண்டு துண்டால் முகத்தை மூடியிருக்கிறேன். பேச்சின் நடுவே அந்தச் சிவப்பு உறையைத் தடவி, “கேட்டியா, ஒன் மக பேசுறத” என்று வாய்க்குள் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் அவள் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாங்களும் பக்கத்தில் இருந்திருப்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து தங்கள் முன்னால் சட்டையில்லாமல் வந்ததில்லை நான். அந்த மரியாதையும் போயிற்று. மன்னிக்க வேண்டும்.

ஆகையால் தங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். டிஸ்ப்ளே டிரைவர் சரியாகிவிட்டது, படம் பளிச்சென்று தெரிகிறது, இனி அப்பா வர வேண்டிய அவசியமே இல்லை என்று தாங்கள் தங்கள் பாணியில் அவளிடம் சொல்லிவிட வேண்டும். காந்த விஷயம் வேண்டாம். முகத்தைப் பற்றிக் கேட்டால், மாமா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார் என்று சொல்லவும். ஒவ்வொரு ஞாயிறுமா என்று கேட்டால், திண்டுக்கல்லில் வெங்காயம் மலிவு என்று சொல்லவும். சோலையம்மாளின் போன் இனிமேல் அலமாரியிலேயே இருக்கும். மகள் முகம் தெரிய வேண்டும் என்றால் அவள் கொஞ்ச நேரம் உள்ளே இருந்துதான் ஆக வேண்டும். அவளும் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். நான் இங்கே நன்றாக இருக்கிறேன், யாரும் என்னை அழைத்துப்போக வர வேண்டாம்.

தாங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று நீண்ட நாள் ஒற்றுமையாக இருக்க வேண்டும். அங்கே குளிர் என்று கேள்வி. காதை மூடிக்கொண்டு வெளியே போகவும். கிளெமென்ட் குடும்பத்தார் தங்களை விசாரித்ததாகச் சொன்னார்கள்.

என்றும் தங்கள் நன்மையை நாடும்
சடையாண்டி.

பின்குறிப்பு: கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. தாங்கள் கூப்பிடுவதற்கு முன்பே போனைப் புடவைக்குள் வைத்துவிட்டு, புதுச் சட்டை போட்டு, தலை சீவி உட்கார்ந்தேன். படம் சரியானதை நானே சொல்லி அவளை அசத்தலாம் என்று எண்ணம். தமிழ்நிலா வந்தாள். திரை அணையவில்லை. “படம் தெரியுதாப்பா?” என்று வழக்கம்போலக் கேட்டாள். தெரிகிறது என்று சொல்ல வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “தெரியலம்மா” என்றேன். நல்லவேளை சொன்னேன். “இன்னைக்கிக் கோழிக்கொழம்புப்பா, இவரு ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு” என்று குரல் சிரிக்கிறது. கண் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள். எனக்குத் தெரியாது என்ற தைரியத்தில் அவளும் இத்தனை மாதமாக என் எதிரிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அவள் என்னைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும், நான் அவளைப் பார்ப்பது அவளுக்குத் தெரியக்கூடாது; ஆகையால் பேச்சு முடியும்வரை ஜன்னலைப் பார்ப்பது போல ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்கள் பின்னால் நின்று அவள் தலையைத் தடவிக் கொடுத்ததையும் பார்த்தேன். தாங்களும் பனியனோடுதான் நின்றீர்கள். அந்த விஷயம் நமக்குள் சரிக்குச் சரியாகிவிட்டது. மாப்பிள்ளை, மேலே எழுதியது எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். டிரைவர் சரியாகவில்லை, இனி சரியாகவே ஆகாது, அயாஸ் கையை விரித்துவிட்டார் என்று சொல்லவும். அவள் உத்தரவுப்படியே தீபாவளிக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும், நான் ஒரு பேச்சும் பேசமாட்டேன். சோலையம்மாளும் நானும் அங்கே சேர்ந்து வருவதற்காக எடுத்த பாஸ்போர்ட்டில் என்னுடையது பத்திரமாக இருக்கிறது. கிளெமென்ட்டிடம் சாவியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சோலையம்மாளின் போனும் என்னோடு வரும், அதை மடியில் வைத்துக்கொள்வதாக இருக்கிறேன். அதனால் பிளேனில் ஏதாவது அணைந்துவிடுமா என்பதை மட்டும் விசாரித்து எழுதவும்.